உதாரணத்துக்கு அம்மா

நிலாவெளியிலிருந்து சாம்பல்தீவுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். நல்ல உச்சி வெயில். அத்தானிடம் இரவல் வாங்கிய சப்பாத்து என் இரண்டு குதிகாலையும் மென்று தின்றுகொண்டிருந்தது. கழுத்தில் கட்டியிருந்த டை வியர்வையில் நனைந்து, மாட்டுக்குக் கட்டிய கயிறு மாதிரி ஆகியிருந்தது. அப்படியிருந்தும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த மாடுகளுக்குக்கூட ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னேன். (மத்தியானம் தாண்டிவிட்டிருந்தது. மாடுகள் பெருந்தன்மையானவை, திருத்தவில்லை.)

காரணம், எனக்கு வேலை கிடைத்துவிட்டது. கடற்கரை ஹோட்டல் ஒன்றில், வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிப் புறாத்தீவுக்கும், திமிங்கிலம் பார்க்க ஆழ்கடலுக்கும் கூட்டிப்போய் விளக்கம் சொல்கிற வேலை. அதுவும் முழுக்க ஆங்கிலத்தில் நடந்த நேர்முகப் பரீட்சையில், என் சொந்த வாயால் ஆங்கிலம் பேசி வாங்கிய வேலை.

அந்த வேலையை நான் ஒரு நாள்கூடச் செய்யவில்லை. ஏன் என்று கேட்டால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். நான்தான் இதுவரை சொன்னதில்லை. யாராவது அந்தக் கதையைத் தொடங்கினால், தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி எழுந்து குசினிப் பக்கம் போய்விடுவேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நான் நின்றேன் என்பதைவிடப் பள்ளிக்கூடம் நின்றது என்று சொல்லலாம். வெருகல் பக்கம் இருந்த எங்கள் குடும்பம் சண்டைக்குள் இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக அலைந்து, கடைசியில் அம்மாவின் ஊரான சாம்பல்தீவுக்கு வந்து சேர்ந்தபோது, என் வயதுப் பிள்ளைகள் பரீட்சையே எழுதி முடித்திருந்தார்கள். அப்பா வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் ஓரிடத்தில் தரிக்கவில்லை. தம்புள்ளையில் மரக்கறி மூட்டை சுமந்தேன். வவுனியாவில் பேக்கரியில் மா குழைத்தேன். கட்டாரில் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைத்தேன். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலின் துருவைச் சுரண்டினேன். ஒவ்வொன்றையும் ஏன் விட்டாய் என்று கேட்டால் ஒழுங்கான பதில் கிடையாது. ஒரு நாள் காலையில் எழும்பும்போது கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இது பிடிக்காது. "ஒரு வேலையை எடு, ஊரிலை நில்லு. நாளைக்கு எனக்கு ஏதும் ஒண்டெண்டால், கொள்ளி வைக்க உன்னை எந்த நாட்டிலை போய்த் தேடுறது?" என்பார். எனவே, இந்த ஹோட்டல் வேலை கிடைத்தால் இனி ஊரைவிட்டு அசையமாட்டேன் என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்திருந்தேன்.

ஹோட்டலுக்கு ஆங்கிலம் வேண்டும். என்னிடம் இருந்தது கப்பலில் பொறுக்கிய ஆங்கிலம். அதில் பாதியை மரியாதையான இடத்தில் சொல்லமுடியாது. அப்போதுதான் அக்காவின் கணவர், என் அத்தான், என்னை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார். நாங்கள் சேர் என்று அழைக்கும், முகம் காணாத ஒரு ஆசிரியர் தினமும் விடியமுன்னர் ஒரு ஆங்கிலச் சொல், அதன் பொருள், அதை வைத்து ஒரு உதாரண வசனம் என்று அனுப்புவார். "சொல்லைத் தனியாகப் பாடமாக்காதீர்கள், வசனத்தோடு பாடமாக்குங்கள்" என்பது அவருடைய கட்டளை.

நல்ல கட்டளைதான். ஆனால் அந்தச் சேருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ தெரியாது, அவருடைய உதாரணங்களில் ஒருவராவது உருப்படுவதில்லை. தாராளம் என்ற சொல்லுக்கு, "தாராள மனம் கொண்ட என் மாமா தன் வீட்டையும் வளவையும் இழந்தார்" என்று எழுதுவார். தயக்கம் என்ற சொல்லுக்கு, "மணமகன் தயக்கத்துடன் பொலிஸ் வாகனத்திலிருந்து இறங்கினான்." நம்பிக்கை என்ற சொல்லுக்கு, "படகு கவிழும்வரை நாங்கள் நம்பிக்கையோடு இருந்தோம்."

நான் ஒன்றையும் விடாமல் பாடமாக்கினேன். துருச் சுரண்டும்போது சுரண்டலின் தாளத்துக்கே சொல்லிப் பார்ப்பேன். பொருளும் தெரியும். இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பொருள் தெரியாமல் நடந்த கூத்தல்ல இது. தெரிந்துகொண்டே நடந்தது. வெட்கமே அதுதான்.

இதில் பாதிப் பழியை நான் படித்த பள்ளிக்கூடத்தின் மேல் போடலாம் என்று பல வருடமாக முயன்றுவருகிறேன். முகாமுக்குள் கிடுகுக் கொட்டிலில் நடந்த பள்ளிக்கூடம். ஆங்கில டீச்சர் கரும்பலகையில் "எனது குடும்பம்" என்ற கட்டுரையை எழுதிப்போடுவார். என் தந்தை ஒரு வங்கி உத்தியோகத்தர். என் தாய் ஒரு தாதி. எங்களிடம் ஒரு வெள்ளை நாய் உண்டு. வகுப்பு முழுவதும் அதை அப்படியே பார்த்து எழுதுவோம். கூடாரத்தில் படுத்து, நிவாரண அரிசி சாப்பிட்ட அத்தனை பேரின் தகப்பன்மாரும் வங்கியில் வேலை பார்த்தார்கள். தகப்பன் காணாமல் போனவனும் அதைத்தான் எழுதினான். டீச்சர் எல்லாருக்கும் சரி போட்டார். அன்றைக்கு என் மண்டைக்குள் ஒன்று பதிந்துவிட்டது. உண்மை, பொய் எல்லாம் தமிழுக்குத்தான். ஆங்கிலத்தில் இருப்பது சரி, பிழை இரண்டு மட்டும்.

இந்த மண்டையோடுதான் அன்று காலை நேர்முகப் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். மனேஜர் கண்டிப் பக்கத்து மனிதர், தமிழ் தெரியாது. பக்கத்தில், ஆட்களை வேலைக்கு எடுக்கும் பொறுப்பில் இருந்த நிர்மலா மிஸ். எங்கள் பக்கத்துப் பெண்தான். நான் உட்கார்ந்ததுமே மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, கஷ்டமெண்டால் தமிழிலை சொல்லுங்கோ. நான் சேருக்குச் சொல்லுறன்."

நான் கையை உயர்த்தி வேண்டாம் என்றேன். (அந்தக் கையைப் பிடித்து யாராவது முறித்திருக்கலாம்.)

என் உத்தி சுலபமானது. கேள்வி முழுவதும் விளங்கவேண்டியதில்லை. அதில் ஒரு சொல்லைப் பிடி. அந்தச் சொல்லுக்குக் கிட்ட எந்த வசனம் இருக்கிறதோ அதை இறக்கு. மனேஜர் கடலைப் பற்றியும் படகைப் பற்றியும் ஏதோ கேட்டார். எனக்குக் கடலில் நல்ல அனுபவம் உண்டு. சின்ன வயதில் கரைவலை இழுத்திருக்கிறேன். ஆனால் அதற்கு வசனம் இல்லை. எனவே, "படகு கவிழும்வரை நாங்கள் நம்பிக்கையோடு இருந்தோம்" என்றேன். மனேஜர் நிமிர்ந்து பார்த்தார். நிர்மலா மிஸ் குனிந்து பேனையைப் பார்த்தார். இரண்டு பேரும் வாயடைத்துப்போனதை நான் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்துத்தான் அந்தக் கேள்வி வந்தது. மனேஜர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். முன்பு இந்த வேலையில் இருந்தவன், சொந்தத்தில் ஒரு செத்தவீடு, இன்னொரு செத்தவீடு என்று சொல்லிச் சொல்லியே வராமல் நின்றவனாம். திமிங்கிலம் யாருக்கும் காத்திருக்காது, விடியப் படகு வெளிக்கிடும், என்ன நடந்தாலும் நேரத்துக்கு வருவாயா என்று கேட்டிருக்கிறார். இது நிர்மலா மிஸ் எனக்குப் பிறகு சொன்னது. அப்போது என் காதில் விழுந்தது "நேரம்" என்ற சொல்லும் "வருவாயா" என்ற சொல்லும்தான்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நேரத்துக்கு வருவதைப் பற்றி என்னிடம் ஒரு வசனம் இருந்தது. இருந்ததிலேயே நீளமானது. டிஸ்பைட் என்ற சொல்லுக்காகச் சேர் அனுப்பியது. ஒன்று நடந்தும்கூட, அதையும் மீறி, என்று பொருள். கப்பல் தளத்தில் நூறு தடவை சொல்லிப் பழகிய வசனம். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில், ஒரு தட்டல் இல்லாமல் சொன்னேன்.

"இன்று காலை என் தாய் இறந்துவிட்ட போதிலும், நான் நேரத்துக்கு வேலைக்கு வந்தேன்."

சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தேன். அவ்வளவு அழகாக வந்திருந்தது.

மனேஜர் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"யுவர் மதர்?" என்றார் மனேஜர். "திஸ் மோர்னிங்?"

"யெஸ் சேர்."

அதோடு விட்டிருக்கலாம். கடமை என்ற சொல்லுக்கும் ஒரு வசனம் சும்மா கிடந்தது. அதையும் எடுத்துவிட்டேன். "என் கடமை என் கவலையைவிடப் பெரியது."

மனேஜர் எழுந்தார். மேசையைச் சுற்றிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வேலை உனக்குத்தான் என்றார், அது எனக்குத் தெளிவாக விளங்கியது. அதற்குப் பிறகு குரல் இறங்கி நிறையச் சொன்னார், அது விளங்கவில்லை. நிர்மலா மிஸ் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார். ஒரு மனிதனின் ஆங்கிலம் இன்னொரு மனிதரை அழவைக்கும் என்று நான் அதற்குமுன் நினைத்ததில்லை. அந்த முகம் காணாத சேருக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

வாசல்வரை வந்து நிர்மலா மிஸ் என் தோளில் கை வைத்தார்.

"வீட்டை போங்கோ தம்பி. நாங்கள் பின்னாலை வாறம்."

வேலைக்கு எடுக்கமுன் வீடு, வாசல், குணம் எல்லாம் பார்க்க வருவார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். பெரிய இடங்களில் அப்படித்தான் என்று அத்தானும் சொல்லியிருந்தார். வாசலில் நின்ற ஹோட்டல் வானில் ஏறச் சொல்லி மனேஜர் கையைக் காட்டினார். ஏறியிருக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு வசனம் இருந்துதொலைத்தது. "வாகனத்தில் போவதைவிட நான் நடப்பதையே விரும்புகிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நடக்காமல் என்ன செய்வது?

அப்படி நடந்துவந்துதான் பாதி வழியில் கால் தோற்று, ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் ஏறிச் சப்பாத்தைக் கழற்றினேன். கடைக்காரரிடமும் அங்கிருந்த இரண்டு மீன் வியாபாரிகளிடமும் நேர்முகப் பரீட்சையின் கதையை விபரமாகச் சொன்னேன். (வசனங்களைச் சொல்லவில்லை. அவர்களுக்கு விளங்காது என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.) அந்த நேரம் ஹோட்டல் வான் கடையைத் தாண்டிப் போனது. கூரையில் பெரிய மலர்வளையம் ஒன்று கட்டியிருந்தது. பின்பக்கத்தில் வெள்ளைத் துணிகளும் தடிகளும்.

"ஆரோ செத்துப்போட்டினம் போலை," என்றார் கடைக்காரர்.

"பாவங்கள்," என்றேன் நான். இன்னொரு தேத்தண்ணி சொன்னேன்.

நேர்முகப் பரீட்சைக்காக நிறுத்திய போனைப் பெருமையில் திரும்பப் போட மறந்துபோயிருந்தேன். அதைப் போட்டிருந்தால் இந்தக் கதை இந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஊர்ச் சந்திக்கு வந்தபோது, வீதியோரம் வெள்ளைக் கொடி நட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் பெரிய வீதியிலிருந்து அந்த வீட்டு வாசல்வரை வெள்ளைக் கொடி கட்டுவார்கள். வழி தெரியாதவர்கள் கொடியைப் பார்த்துக்கொண்டே வந்துவிடலாம். ஆனால் இந்தக் கொடிகள் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தன. நல்ல தடித்த துணி, ஒரே அளவு, ஒவ்வொன்றின் மூலையிலும் நீல நூலில் ஒரு ஆமை. வசதியான செத்தவீடுதான் என்று நினைத்தேன். அந்த ஆமையை அன்று காலை எங்கேயோ பார்த்த ஞாபகமும் வந்தது.

கொடி முதலாவது ஒழுங்கையில் திரும்பியது. நானும் அதில்தான் திரும்பவேண்டும். கோயிலடியில் இடது பக்கம் போயிருந்தது. எனக்கும் இடது பக்கம்தான். கிணற்றடியைத் தாண்டினால் மூன்றே வீடுகள். முதலாவது வீட்டு வேலியைக் கொடி தாண்டியது. பூமணி அக்கா வீட்டு வேலியையும் தாண்டியது. பிறகு இருப்பது எங்கள் படலை ஒன்றுதான்.

படலையில் இரண்டு ஆமைகள் ஆடிக்கொண்டிருந்தன. முற்றம் நிறைய ஊர்ச்சனம். மலர்வளையம் வாசற்படியில் சாத்தியிருந்தது. நிர்மலா மிஸ் வெள்ளைச் சேலையில் நின்றார். வீடு பூட்டியிருந்தது.

பூமணி அக்கா தலைமயிரை அவிழ்த்துவிட்டபடி ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வந்திட்டியோ தம்பி! ஆஸ்பத்திரியிலையிருந்து பொடி எத்தினை மணிக்கு வருதாம்?"

"எந்தப் பொடி?"

"அம்மான்ரதானடா! காலமை கிளினிக்குக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போன மனுசி... போன் வீட்டுக்குள்ளை கிடந்து அடிக்குது..."

அம்மா அன்று காலை பிரஷர் மருந்து எடுக்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனது உண்மை. போகும்போது என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனதும் உண்மை.

இந்த இடத்தில் என்னைவிட மூளை குறைந்த ஒருவன்கூட யோசித்திருப்பான். பூமணி அக்காவுக்கு யார் சொன்னது, ஹோட்டல்காரர் சொன்னார்கள். ஹோட்டல்காரருக்கு யார் சொன்னது, நான்தான் சொன்னேன். நான் விட்ட பொய் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து, என் முன்னாலேயே செய்தியாக நின்றது. நான் அதை நம்பினேன். முழுக்க நம்பினேன். காலையில் நான் சொன்ன வசனம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குக் கரிநாக்கு என்று நினைத்தேன். மண்ணில் விழுந்து, டையோடு புரண்டு, "அம்மா, நான்தான் சாக்காட்டிப்போட்டன்" என்று கத்தினேன். இனி என் வாயில் ஆங்கிலம் வந்தால் நாக்கை அறுத்துக் கோயிலுக்குக் கொடுக்கிறேன் என்று நேர்த்தி வைத்தேன். சனமும் என்னோடு சேர்ந்து அழுதது. நிர்மலா மிஸ் பக்கத்தில் முழங்காலில் இருந்து என் முதுகைத் தடவிக்கொண்டே அழுதார்.

அந்த அழுகைக்கு நடுவில்தான் படலையில் ஒரு குரல் கேட்டது.

"ஆர் பூமணி போனது? ஏன் எங்கட வீட்டிலை வைச்சிருக்கிறியள்?"

அம்மா நின்றார். ஒரு கையில் மருந்துப் பை. மற்றக் கையில் ஒரு பிடி வல்லாரை. சந்தியில் பஸ்ஸால் இறங்கி, எல்லாரையும் போலக் கொடியைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

பூமணி அக்கா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. பின்னால் நின்ற ஒருவர் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினார். அம்மாவின் கண் என்மேல் விழுந்தது. மண்ணில் புரளுகிற மகனைக் கண்டதும் கையிலிருந்த இரண்டையும் எறிந்துவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"ஐயோ என்ர ராசா! ஆரடா போனது? அக்காவோ? அத்தானோ? சொல்லடா!"

நான் எப்படிச் சொல்வது? அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மார்பில் அடித்து ஒப்பாரி தொடங்கிவிட்டார். தன்னுடைய செத்தவீட்டில் தானே தலைமாட்டில் இருந்து அழுத ஆள், எனக்குத் தெரிந்து, எங்கள் அம்மா ஒருவர்தான்.

நான் அவருடைய முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். பஸ் புழுதியும் வெற்றிலையும் மணந்தது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வெட்கம் இல்லை. வேலையும் ஞாபகமில்லை. அம்மா சூடாக இருந்தார். மற்றதெல்லாம் பிறகுதான் வந்தது.

அதிகம் பிந்தவும் இல்லை. பூமணி அக்காவுக்குக் குரல் திரும்பியது.

"மாமி... நீங்கள்தான் செத்தது."

அம்மாவின் ஒப்பாரி பாதியில் நின்றது. "ஆர் சொன்னது?"

பூமணி அக்கா நிர்மலா மிஸ்ஸைக் காட்டினார். நிர்மலா மிஸ் என்னைக் காட்டினார். முற்றத்தில் நின்ற அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது.

"டேய். நீயோ சொன்னனீ?"

"ஓம் அம்மா. உண்மையாச் சொல்லேல்லை. உதாரணத்துக்குச் சொன்னனான்."

"என்னத்துக்கு?"

"உதாரணத்துக்கு. டிஸ்பைட் எண்டு ஒரு சொல் இருக்கு..."

அம்மா எழுந்து சேலையைத் தட்டினார். நிதானமாகத்தான் கேட்டார். அதுதான் பயங்கரம்.

"கொப்பர் செத்து இத்தினை வருசம். செத்த மனுசன் ஒருத்தர் வீட்டுக்குள்ளை படமாத் தொங்கேக்கை, உயிரோடை மருந்துக்கு வரிசையிலை நிண்ட என்னை ஏன்டா சாக்காட்டினனீ?"

"வசனத்திலை மதர் எண்டுதான் இருந்தது அம்மா."

"மாத்தேலாதோ?"

"மாத்தினால் வசனம் பிழைச்சுப்போடும் எண்டு பயந்திட்டன்."

"வசனம் பிழைச்சால் பிழைக்கட்டுமே! நான் பிழைச்சிருப்பனே!"

பின்வரிசையில் யாரோ இருமுவதுபோலத் தொடங்கினார். பிறகு ஒருவர் தூணைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு முற்றம் முழுவதும் சிரித்தது. இவ்வளவு நேரம் அழுத கண்ணீரோடேயே சிரித்தார்கள். நான் கண்ணை நிலத்திலிருந்து எடுக்கவில்லை. எறும்பு ஒன்று வல்லாரை இலையில் ஏறிக்கொண்டிருந்தது. அதன் இடத்தில் நான் இருந்தால் நல்லது என்று தோன்றியது.

நிர்மலா மிஸ் சிரிக்கவில்லை. வேலியோரம் போய் மனேஜருக்குப் போன் எடுத்தார். நெடுநேரம் அந்தப் பக்கத்துச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"சேர் வேண்டாமெண்டிட்டார் தம்பி. நாளைக்கு நடுக்கடலிலை நிண்டு, படகு தாழுது எண்டு உதாரணத்துக்குச் சொன்னால் ஆக்கள் குதிச்சுப்போடுவினமெல்லோ எண்டு கேக்கிறார்."

நியாயமான கேள்வி.

அவர் போகவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"என்ர அம்மா போன நாள் நான் வேலைக்கு வந்தனான். காலமை போன் வந்தது. ஹோட்டல் நிறைய ஆக்கள், விட்டிட்டுப் போகேலாது. பின்னேரம் வரைக்கும் வாசலிலை சிரிச்சுக்கொண்டு நிண்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் அந்த வசனத்தைச் சொல்லேக்கை, என்னைத்தான் சொல்லுறியள் எண்டு நினைச்சன்."

ஊர் சிரித்த சிரிப்பு எனக்குப் பழகிவிட்டது. இது பழகவில்லை. எனக்கு அது பாடமாக்கிய வசனம். அவருக்கு அது நடந்த நாள். ஒரு சொல்லைப் பழக நான் நூறு தடவை சொன்னதை, அவர் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். என்னிடம் இருந்த மன்னிப்பு வசனங்களும் அந்தச் சேர் அனுப்பியவைதான் என்று நினைவு வந்து மூடிக்கொண்டேன்.

அவர் அம்மாவின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வானில் ஏறினார். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அந்த வழக்கத்தை அவர் மீறவில்லை.

வான் போன தூசி அடங்கமுன் ஒரு லொறி வந்து படலையில் நின்றது. நிறையப் பிளாஸ்டிக் கதிரை, கொட்டில் போடத் தகரம், குழாய். பூமணி அக்கா அவசரத்தில் போன் பண்ணி அழைத்திருக்கிறார். லொறிக்காரர் கிண்ணியா ஆள், நஸீர் நாநா. கலியாணம், செத்தவீடு எதற்கும் அவரிடம்தான் வாடகைக்கு எடுப்பார்கள். நடந்தது தெரியாத இரண்டு பொடியன்கள் நல்ல மனதோடு பாதிக் கதிரையை இறக்கியும்விட்டார்கள்.

"மையத்து எங்க?" என்று பிரேதத்தைத் தேடுகிறவராக மெதுவாகக் கேட்டார் நஸீர் நாநா.

"நான்தான்," என்றார் அம்மா. "கதிரை வேண்டாம், ஏத்துங்கோ."

நஸீர் நாநா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "யா அல்லாஹ். இந்தத் தொழில்ல எவ்வளவோ பாத்துட்டன். மையத்தே எழும்பி வந்து கதிர வேணாமெண்டு சொல்றது இதான் முதல் தரம். சரி, இத ஆர் ஏத்துற? என்ட ஆள் வெளிநாட்டுக்குப் போய்ட்டான்."

மறுபடியும் எல்லாக் கையும் என்னைக் காட்டியது.

வெறுங்காலோடு, கழுத்தில் டையோடு, கதிரை அடுக்குகளைத் தூக்கித் தூக்கி லொறியில் ஏற்றினேன். ஊர் சுற்றி நின்று பார்த்தது. துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கவென்று ஹோட்டல் கொண்டுவந்த கேக்கை அம்மா வெட்டி எல்லாருக்கும் கொடுத்தார். "எடுங்கோ, எடுங்கோ, என்ர செத்தவீட்டுக் கேக்கு. இனி எப்ப கிடைக்குமோ." எனக்கும் ஒரு துண்டு வைத்திருந்தார். ஏற்றி முடித்துவிட்டுத்தான் தந்தார்.

ஹோட்டலின் ஆமைத் துணிகளைப் பிறகு கழுவி, மடித்து, அம்மாவே பஸ்ஸில் கொண்டுபோய் நிர்மலா மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. அங்கே இரண்டு பேரும் நெடுநேரம் கதைத்திருக்கிறார்கள். என்ன கதை என்று அம்மா இன்றுவரை சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது அக்காவின் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிறார்கள். புதுச் சொல் ஒன்று வந்தால், வேண்டுமென்றே என்னிடம் ஓடிவருவார்கள். "மாமா, இதுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்கோ." நான் வாயைத் திறக்கமுன் குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்துவிடும்.

"என்னை விட்டிட்டுச் சொல்லு!"

வீடு சிரிக்கும். நான் தண்ணீர் குடிக்கப் போவேன். குசினிக்குத்தான் போகவேண்டும், அங்கே அம்மா நிற்பார், அது வேறு.

அன்று லொறியில் ஏறும்போது நஸீர் நாநா என் முதுகைப் பார்த்து, "சுமந்து பழகின முதுகு. காலம கடைக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடியப் போனேன். உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த பழைய களஞ்சியம் அது. உள்ளே கதிரைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. சப்பாத்து இல்லை, டை இல்லை. என்ன கேட்பாரோ என்று பயந்து கைகட்டி நின்றேன். அவர் தகரத்தைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"உம்மா எப்பிடி?"

"இருக்கிறா."

"நல்லா இரிக்காவா?"

"ஓம். சரியான கோவத்திலை இருக்கிறா."

"அப்ப சரி," என்றார். "மூதூர்ல கலியாணம். அந்தக் கதிரையத் தூக்கு."